எங்கள் தரை, அவர்கள் தரை

எங்கள் தெருவின் நிலத்தடி நீரைக் கெடுத்ததில் எங்கள் சலவைக்கடைக்கும் பங்கு உண்டு என்று எழுதிய தாளை, எங்கள் கடை மேஜைமேலேயே விரித்து வைத்து, அதில் என் கையெழுத்தைக் கேட்டார்கள்.

கேட்டவர் எதிரே இருக்கும் ராணுவ சப்ளைக் கிடங்கின் அதிகாரி. அவருடைய கால்சட்டையில் இஸ்திரி மடிப்பு இரட்டைக் கோடாக விழுந்திருந்தது. எங்கள் கடையில் தேய்த்ததாக இருந்தால் அதை வெளியே அனுப்பியிருக்க மாட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது வேறு இருந்தது.

"கூட்டுப் பொறுப்புன்னுதான் போட்டிருக்கோம். உங்க மேல மட்டும் பழி போடலை" என்றார். "நீங்க கையெழுத்து போட்டா உடனே வேலை ஆரம்பிச்சிடும். உங்க கடைக்கு அடியில இருக்கிற மண்ணை எடுத்துடுவோம். தண்ணியை இறைச்சு சுத்தம் பண்ணிடுவோம். தெருவுக்குப் புதுக் குழாய் வரும். செலவு முழுக்க எங்களுது."

"செலவு உங்களுது. பேரு மட்டும் எங்களுதா?"

பக்கத்தில் நின்ற என் தம்பி தரையைப் பார்த்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிடங்கின் மதில் எங்கள் தெருவின் ஒரு பக்கம் முழுக்க ஓடுகிறது. உள்ளே லாரி எஞ்சின்கள், கூடாரங்கள், டயர்கள், சீருடைகள். அந்தச் சீருடைகளை வெளுத்துக் கொடுத்துத்தான் என் அப்பா இந்தக் கடையை எழுப்பினார். அவருக்குப் பிறகு தம்பி இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டான், நான் கல்லாவையும் மனிதர்களையும் பார்த்துக்கொண்டேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குக் காரணம் கேட்டவர்கள் எல்லாம் இப்போது உயிரோடு இல்லை.

சில காலமாகத் தெருவில் இருக்கும் கிணறுகளிலும் அடிபம்புகளிலும் தண்ணீரில் ஒரு இனிப்பு வாடை. முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு பேக்கரிக்காரர் வீட்டில் எல்லோருக்கும் தலைசுற்றல். சோதனைக்கு அனுப்பினார்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற கரைப்பான் தண்ணீரில் கலந்திருக்கிறது என்று பதில் வந்தது. கிணறுகளை மூடி சிவப்புப் பட்டை ஒட்டினார்கள். தண்ணீர் லாரி வரத் தொடங்கியது. கிடங்கு ஒரு துப்புரவுக் கம்பெனியைக் கூட்டிவந்தது. கம்பெனி தெரு நெடுகச் சிறு சிறு துளைகள் போட்டு, இரும்பு மூடி பொருத்தி, நீர் எடுத்துப் பார்த்தது.

அந்தக் கரைப்பானைத் தெருவில் பயன்படுத்தியவர்கள் இரண்டே பேர். எஞ்சின் பாகங்களைக் கழுவ, கிடங்கு ஷெட்டுக்காரர்கள். தண்ணீர் படக்கூடாத துணிகளை வெளுக்க, நாங்கள். கடையில் அதற்கு 'மருந்து' என்று பெயர். எங்கள் வாசலில் போட்ட துளையில்தான் அளவு மிக அதிகமாக இருந்ததாம். ஆகவே கம்பெனி போட்ட வரைபடத்தில் எங்கள் கடையைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

அதிகாரியோடு ஒரு பெண்ணும் வந்திருந்தாள். துப்புரவுக் கம்பெனியின் மண் எஞ்சினியர். காலணியில் சேறு இருந்ததால் கடைக்குள் வராமல் படியிலேயே நின்றாள். அந்த மரியாதை எனக்குப் பிடித்தது.

"துளை போட்டது நீதானா?" என்று அவளைக் கேட்டேன்.

"ஆமாம்மா."

"எங்க கடைக்குள்ள போட்டியா?"

"இல்ல. வாசல்ல."

"கிடங்குக்குள்ள?"

அவள் அதிகாரியைப் பார்த்தாள். அவர், "உள்ளே தோண்ட அனுமதி கிடையாது. பாதுகாப்பு விஷயம்" என்றார்.

"அப்போ எங்க மேல வட்டம் போட்டது எதை வெச்சு?"

"தண்ணியை வெச்சும்மா" என்றாள் அந்தப் பெண். பிறகு, கேட்காததையும் சொன்னாள். "ஆனா தண்ணி நகரும். எங்கேயோ கலந்தது இங்க வந்து தேங்கலாம். மேல் மண்ணு அப்படி நகராது. இந்த இடத்துல கொட்டியிருந்தா மேலேர்ந்து கீழ தண்ணி வரைக்கும் மண்ணு முழுக்க மருந்து இருக்கும். கொட்டலைன்னா மேல் மண்ணு சுத்தமா இருக்கும், கீழ தண்ணியில மட்டும் இருக்கும்."

அதிகாரி அவளை முறைத்தார். அவள் காலணியைப் படியில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ தோண்டு" என்றேன்.

"எங்கம்மா?"

"இங்கேதான். மெஷின் நிக்கிற இடத்துலயே தோண்டு. ஷட்டரை முழுசா ஏத்திட்டுத் தோண்டு. தெருவே பாக்கட்டும்."

அவர்கள் போனதும் தம்பி என் முழங்கையைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துப் போனான். அவனுக்கு அறுபது தாண்டிவிட்டது. இன்னும் பயந்தால் சட்டைப் பித்தானைத்தான் திருகுவான்.

"அக்கா, வேணாம். கையெழுத்து போட்டுடு."

"ஏண்டா?"

அவன் மனைவி கதவருகே வந்து நின்றாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்பதை அவள் நின்ற விதத்திலேயே தெரிந்துகொண்டேன்.

"அப்பா படுக்கையில இருந்தப்போ ஒருநாள் நான் தனியா டிரம்மை உருட்டிக்கிட்டு வந்தேன். பின்வாசப்படியில கவுந்துடுச்சு. மூடி தெறிச்சுப் போச்சு. அப்போ அங்க சிமெண்டு கிடையாது, வெறும் மண்ணு. மேல மணலைக் கொட்டி மூடிட்டேன்."

"எவ்வளவு?"

"பாதி டிரம் இருக்கும்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"சொல்ற நிலைமையிலயா அவர் இருந்தார்? கேட்டிருந்தா அன்னைக்கே போயிருப்பார்."

அது உண்மைதான். எங்கள் அப்பா ஒரு சொட்டு மருந்து வீணானாலும் தாங்கமாட்டார். இயந்திரத்தையே விளிம்பு வைத்த ஒரு பெரிய தகரத் தட்டில்தான் நிறுத்தியிருந்தார். கசிகிற ஒவ்வொரு துளியும் தட்டில் விழும், அதைத் துணியில் ஒற்றிப் பிழிந்து மறுபடி இயந்திரத்திலேயே ஊற்றுவோம். வடிகட்டும் துணியைக்கூடக் கடைசிச் சொட்டுவரை முறுக்கிப் பிழியாமல் விடமாட்டார். தெருவில் எங்களுக்குப் 'பிழிசல் குடும்பம்' என்று பெயர். 'அந்த வீட்ல சாவு விழுந்தாக்கூட அழமாட்டாங்க, கண்ணீர் வீணாயிடும்னு' என்று பேக்கரிக்காரரின் அப்பா சொன்னது ஒரு தலைமுறை தாண்டியும் ஓடுகிறது. அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 'தோண்டு' என்று சொன்னபோது மட்டும், அந்தப் பெயர் முழுக்க முழுக்க உண்மையாக இருக்கவேண்டுமே என்று இருந்தது. இப்போதோ பின்வாசலில் பாதி டிரம்.

"கையெழுத்து போட்டுட்டா குழியும் வேணாம். பழியும் பாதிதான்" என்றாள் தம்பி மனைவி. "உங்க தம்பி பேரு வெளிய வராதுக்கா."

"எந்தத் துணியிலம்மா பாதிக் கறைன்னு ஒண்ணு பாத்திருக்கே?"

"தெரு முழுக்க நம்ம கடையைப் பாத்துக் காறித் துப்பும்."

"இப்போ மட்டும் என்ன, பூப்போடுதா?"

தம்பி பித்தானைத் திருகித் திருகிக் கையோடு எடுத்துவிட்டான்.

நான் அன்று முழுதும் அவனிடம் பேசவில்லை. கோபம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். இத்தனை வருடம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டவன், இதை வயிற்றில் வைத்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறான். ஆனால் அதைவிடப் பெரிய யோசனை ஒன்று ஓடியது. கையெழுத்துப் போட்டால், பின்வாசல் பாதி டிரம்முக்கும் மதிலுக்கு அந்தப்பக்கம் நடந்தது எதுவோ அதற்கும் ஒரே பெயராகிவிடும். தெரு முழுக்க நாறியதற்கு எங்கள் அப்பா பெயர் நிற்கும். எங்கள் கடைக்கு அடியில் தோண்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் கழுவிவிட்ட மருந்து அவர்கள் மண்ணில் அப்படியே இருக்கும். மறுபடியும் வரும்.

தண்ணீர் லாரி வந்தபோது குடங்களோடு நின்ற வரிசையில் பேக்கரிக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பெரியக்கா, ஒரு கையெழுத்துல குழாய் வந்துடுமாமே. நீங்க போடமாட்டேங்கிறீங்களாமே?"

"ஆமாம், போடமாட்டேன்."

"உங்க கௌரவத்தை ஊறவெச்சுக் குடிக்க முடியுமா? நான் லாரித் தண்ணியில மாவு பிசையறேன். ரொட்டி ரப்பர் மாதிரி வருது."

"உன் ரொட்டி முன்னாடியும் அப்படித்தான் இருந்தது."

வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"தமாஷ் பண்ணாதீங்க. எங்க வீட்ல மூணு பேருக்கும் தலைசுத்தல்."

அதற்கு நான் தமாஷாகப் பதில் சொல்லவில்லை. "சாயம் போற துணி ஒண்ணு தொட்டியில கிடக்கு. நீ அதை வெளிய எடுக்காம தண்ணியை மட்டும் மாத்திக்கிட்டே இருக்கலாம்னு சொல்றே. எத்தனை தடவை மாத்துவே? அந்தத் துணி எங்க கிடக்குன்னு முதல்ல பாக்கணும். எங்க தொட்டியில கிடந்தா நானே எடுத்துப் போடறேன்."

"கிடந்தா?"

"கிடந்தா என் மூஞ்சியில துப்பு. நான் துடைச்சுக்கமாட்டேன்."

சொல்லிவிட்டேன். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

தோண்டுகிற நாளில் ஷட்டரை முழுவதும் ஏற்றிவிட்டேன். இயந்திரத்தை நாலு பேர் சேர்ந்து நகர்த்தினார்கள். தகரத் தட்டு இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மற்ற இடங்களைவிட வெளுப்பாக இருந்தது. தெருவே வாசலில் கூடியிருந்தது. பேக்கரிக்காரர் மாவுக் கையோடு முன்வரிசையில் நின்றார். அதிகாரியும் வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி நாங்கள் போட்டதுதான். வந்தவரை நிற்கவைப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை.

தரையை வட்டமாக வெட்டி எடுத்தார்கள். பிறகு துளைக்கருவி ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயைத் தட்டித் தட்டி உள்ளே இறக்கியது. அதை மேலே இழுத்து நீளவாக்கில் பிளந்தபோது உள்ளே மண் அடுக்கடுக்காக அப்படியே இருந்தது. மேலே செம்மண். அதற்குக் கீழே சாம்பல் நிறக் களிமண். எஞ்சினியர் பெண் ஒரு சின்னக் கருவியை அதன் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டு போனாள். வாடையை அளக்கிற கருவியாம். அதன் முள் அசையவில்லை. அடுத்த குழாய். அசையவில்லை. அதற்கடுத்தது. மண் ஈரமாகித் தண்ணீர் சொட்டத் தொடங்கிய இடத்தில் கருவி கீச்சென்று கத்தியது. முள் ஒரேயடியாகத் துள்ளியது.

"மேலேர்ந்து இதுவரைக்கும் சுத்தம்" என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கும்படி. "தண்ணியில மட்டும்தான் இருக்கு. இங்கேர்ந்து இறங்கினது இல்ல. பக்கவாட்டுல வந்திருக்கு."

வாசலில் பேச்சு எழுந்தது. "பிழிசல் குடும்பம்னா சும்மாவா, மண்ணுக்குக்கூட ஒரு சொட்டு குடுக்கலை பாரு" என்று யாரோ சொன்னார்கள். முதல் முறையாக அந்தப் பெயர் காதில் விழுந்தும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அந்தப் பெண் கருவியை மூடப்போனாள். அதோடு விட்டிருக்கலாம். தம்பி சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் 'போதும்' என்றது. ஒருவரும் என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

"இன்னொரு இடமும் இருக்கு" என்றேன். "பின்வாசப்படிக்குப் பக்கத்துல தோண்டு."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவி உள்ளே போய்விட்டாள்.

பின்வாசலில் முதல் குழாயை வெளியே எடுத்துப் பிளந்ததுமே கருவி கத்தியது. அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "பாத்தீங்களா? நான் என்ன சொன்னேன்?"

"பாத்தேன்" என்றேன். "உக்காருங்க. இன்னும் முடியலை."

இரண்டாவது குழாயில் களிமண் தொடங்கிய இடத்தில் சத்தம் குறைந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டது. அதன் பிறகு தண்ணீர் வரும்வரை ஒன்றுமில்லை.

"இங்க கொஞ்சம் கொட்டியிருக்கு" என்றாள் எஞ்சினியர் பெண். "ஆனா களிமண்ணு பிடிச்சு வெச்சிருக்கு. தண்ணி வரைக்கும் போகலை."

"யாரு கொட்டினது?" என்று அதிகாரி கேட்டார்.

"நாங்க" என்றேன். "எங்களுதை எங்களுதுன்னு எழுதுங்க. அது எதுவரைக்கும் போயிருக்கோ அதுவரைக்கும் எழுதுங்க. உங்களுதை உங்களுதுன்னு எழுதுங்க. ரெண்டையும் ஒரே மூட்டையா கட்டி என்கிட்ட கையெழுத்து கேக்காதீங்க."

"உங்க மண்ணுல இருக்கறது நிரூபணமாயிடுச்சு. எங்க பக்கம் எதுவும் நிரூபணமாகலை."

"நிரூபணம் பண்ண விடமாட்டேங்கிறீங்களே. என் தரையை உடைச்சுட்டேன். உங்க தரை என்ன, தங்கமா?"

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பேக்கரிக்காரர் அங்கேயே நின்றார். துப்புவாரோ என்று பார்த்தேன். அவர் மாவுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பின்வாசல் குழியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, தன் கடைக்கு நடந்தார்.

கெட்ட மண்ணைக் கம்பெனிக்காரர்களே தோண்டி எடுத்து, டிரம்களில் அடைத்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். குழியை நிரப்பச் சிமெண்டோடு வந்தபோது வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். பின்வாசலைப் பலகையால் மறித்தேன். ஷட்டருக்குப் பக்கத்தில் ஒரு அட்டையை மாட்டினேன்.

'எங்கள் தரையைத் தோண்டிவிட்டோம். எதிர்ப்பக்கம் எப்போது?'

கிடங்கின் வாயிலிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். அதிகாரி வந்தார்.

"இதை எடுத்துடுங்க. ராணுவ இடத்துக்கு எதிரே இப்படி எழுதறது சரியில்லை."

"உங்க மதில்லயா ஒட்டினேன்? என் சுவத்துல மாட்டியிருக்கேன்."

"மரியாதையா சொல்றேன்."

"நானும் மரியாதையாத்தான் எழுதியிருக்கேன். ஒரு எழுத்துப் பிழை இருந்தா சொல்லுங்க, திருத்திடறேன்."

அவர் போனதும் பேக்கரிக்காரர் வந்தார். அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு பெரியக்கா. உங்க வீட்டுக் கஞ்சத்தனம் மையிலயும் வருது." அன்று சாயங்காலம் அவர் கடையிலும் ஒரு அட்டை தொங்கியது, என்னுடையதைப் போல் மூன்று மடங்கு. 'எதிர்ப்பக்கம் எப்போது?' அதற்கு அடுத்து டயர் கடை. அதற்கடுத்து தையல்காரர். தெரு முழுக்க ஒரே கேள்வி, கிடங்கின் மதிலைப் பார்த்தபடி.

தண்ணீர்த் துறைக்கு மனு போனது, பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். எனக்கு அவர்களைப் பிடிக்கவில்லை, படம் எடுக்கும்போது சிரிக்கச் சொன்னார்கள். ஆனாலும் அட்டைகள் அச்சில் வந்தன. கடைசியில் கிடங்கின் வாயில் திறந்தது. துளைக்கருவி வண்டி உள்ளே போவதைக் கடை வாசலில் நின்று பார்த்தேன். எஞ்சினியர் பெண் வண்டியிலிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நானும் அசைத்தேன்.

அறிக்கையைத் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்து ஹாலில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார்கள். மேடையில் பழைய அதிகாரியோடு அவருக்கும் மேலான ஒருவர் உட்கார்ந்திருந்தார். எஞ்சினியர் பெண்தான் வாசித்தாள். கிடங்கில் எஞ்சின் பாகங்களைக் கழுவும் ஷெட்டுக்குள் அடியில் தளம் போடாத ஒரு குழி இருந்திருக்கிறது. கழுவிய கரைப்பானை அதில்தான் விட்டிருக்கிறார்கள். அங்கே மேல் மண்ணிலிருந்து நிலத்தடி நீர்வரை முழுக்க மருந்து. தெருவின் நீர் கெட்டதற்கு அதுதான் காரணம். சுத்தம் அங்கிருந்து தொடங்கும். புதுக் குழாய்க்கும் அவர்கள்தான் பொறுப்பு. யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.

அடுத்ததை வாசிக்கும் முன் அவள் என்னைப் பார்த்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சலவைக்கடையின் பின்வாசலில் மேல் மண்ணில் மட்டும் ஒரு சிறு கசிவு. நீரை எட்டவில்லை. மண் அகற்றப்பட்டுவிட்டது."

ஹாலில் கைதட்டல் கேட்டது. அதற்கு நடுவே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்போ சலவைக்கடைக்காரங்களும் கொட்டித்தான் இருக்காங்க. பேசினதென்னவோ பெரிய பேச்சு."

நான் எழுந்தேன். எழும்போதே பதில் தயாராக இருந்தது. எங்கள் குடும்பம் செய்தது, எங்கள் குடும்பமே அள்ளியது என்று சொல்ல நினைத்தேன். குடும்பம் என்ற சொல்லுக்குப் பின்னால் தம்பி நின்றுகொள்ளலாம், யாரும் அவனைத் தனியாகப் பார்க்கவேண்டாம்.

"எங்க குடும்பம்..." என்று தொடங்கினேன்.

"குடும்பம் இல்ல" என்று பக்கத்திலிருந்து குரல் வந்தது. தம்பி எழுந்து நின்றிருந்தான். "நான். டிரம்மைக் கவுத்தது நான். மணல் போட்டு மூடினதும் நான். எங்க அப்பாவுக்குத் தெரியாது. அக்காவுக்கும் இவங்க தாளைக் கொண்டுவந்த அன்னைக்குத்தான் சொன்னேன்."

அவன் கை சட்டைப் பித்தானிடம் போகவில்லை.

"உக்காருடா" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவன் உட்காரவில்லை. பின்வரிசையை விட்டுத் திரும்பி மேடையைப் பார்த்தான்.

"நான் எந்திரிச்சு சொல்லிட்டேன். அந்த ஷெட்டுல குழி வெட்டச் சொன்னது யாரு? கொட்டச் சொன்னது யாரு? எங்க கடையைச் சுத்தி வட்டம் போட்டுக் காட்டினீங்களே, அதுல எங்க பேரு இருந்துச்சு. இந்த அறிக்கையில ஷெட்டுன்னு மட்டும் இருக்கு. ஷெட்டு தானா கொட்டுமா? உங்க பக்கம் ஒருத்தர் எந்திரிச்சு நான்தான்னு சொல்லட்டும்."

மேடையில் யாரும் எழவில்லை. பழைய அதிகாரி மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். மேலதிகாரி மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"கேள்விகளைப் பிறகு எழுத்துல கொடுக்கலாம். நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க."

அப்போதுதான் நானும் இன்னும் நின்றுகொண்டிருப்பது எனக்கு உறைத்தது. தம்பி என்னைப் பார்த்தான். நான் அவன் பக்கம் ஒரு அடி நகர்ந்து நின்றேன்.

நாங்கள் உட்காரவில்லை.